சோத்துக்கைப் பக்கம் மலை

பாலம் என்றதும் ஏதோ பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஒரு பிளவு. பிளவின் மேல் மரப்பலகைகள். பத்துப் பன்னிரண்டு எட்டு வைத்தால் தாண்டிவிடலாம். ஆனால் பலகைகளுக்கு இடையே சந்து இருந்தது. குனிந்து பார்த்தால் கீழே இருட்டு. அதற்குள்ளிருந்து சில்லென்று காற்று மேலே வந்து பாவாடையைத் தூக்கும்.

செஞ்சிக் கோட்டையில், ராஜகிரி மலையின் உச்சிக்குச் சற்றுக் கீழே, அந்தப் பாலத்தின் முன்னால் நான் நிற்கிறேன். எனக்குப் பதிமூன்று வயது. என் பாவாடையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு நிற்பது என் தங்கை சுமதி. அவளுக்கு ஏழு. வீட்டில் எல்லோருக்கும் பாப்பா.

"வேணாங்க்கா, போயிடலாம்" என்கிறாள்.

என்னவோ பாலத்தைத் தாண்டினால் எனக்குப் பட்டம் கட்டப்போகிறார்கள் என்பது போல எனக்கு ஒரு வெறி. அதற்குக் காரணம் என் மாமா. அவரிலிருந்து ஆரம்பித்தால்தான் சரிப்படும்.

மாமாவின் கார், மாமாவின் சரித்திரம்

அம்மாவின் தம்பியான மாமா மெட்ராஸில் மருந்துக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார். எழுபதுகளின் பின்பாதியில் எப்போதோ ஒரு பழைய அம்பாஸடரை வாங்கி, அதை அக்காவுக்குக் காட்டுவதற்கென்றே திருவண்ணாமலைக்கு ஓட்டி வந்துவிட்டார். எங்கள் தெருவில் அது திரும்பவே இல்லை. நாலு பேர் பின்னால் தள்ளி, ஒருவர் கூரையைத் தட்டித் தட்டி வழி சொல்லி, வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அம்மா கற்பூரம் ஏற்றினாள்.

மறுநாளே திட்டம் போட்டாயிற்று. காலையில் செஞ்சிக் கோட்டை. மத்தியானம் திரும்பி அப்படியே சாத்தனூர் அணை. அங்கே போட்டில் போகலாம். இரண்டும் ஊருக்கு இரண்டு பக்கம். ஒரே நாளில் முடியுமா என்று அப்பா கேட்டதற்கு, கார் இருக்கும்போது என்ன கவலை என்று மாமா சொன்னார். காருக்கு வரப்போகும் கவலைகள் அப்போது அவருக்குத் தெரியாது.

பாப்பாவுக்குக் கோட்டை என்றால் என்னவென்றே தெரியாது. அவளுக்குப் போட்டுதான். ராத்திரியெல்லாம் போட்டு, போட்டு என்று பிதற்றிக்கொண்டிருந்தாள். அவள் அதுவரை தண்ணீரில் மிதக்கும் எதையும் கண்டதில்லை, தெப்பத்தைத் தவிர.

விடிந்ததும் கிளம்பினோம். கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் ரோட்டோரமெல்லாம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காயப்போட்டிருந்தார்கள். அந்தப் பச்சை வாசனை காருக்குள் வந்து நிறைந்தது. ரேடியேட்டர் கொதித்து இரண்டு தடவை நின்றோம். இரண்டாம் தடவை தண்ணீர் கொடுத்த வீட்டு அம்மாள் ஒரு முறம் மல்லாட்டையையும் என் பாவாடையில் கொட்டினார். அதை உடைத்துத் தின்றபடி மாமாவின் சரித்திரத்தைக் கேட்டுக்கொண்டு போனோம்.

மாமாவின் சரித்திரத்தில் வருஷமே வராது. ராஜாக்கள் வருவார்கள், மராத்தியர் வருவார்கள், நவாபு வருவார், பிரெஞ்சுக்காரன் வருவான், வெள்ளைக்காரன் வருவான். ஒவ்வொருத்தரும் கோட்டையைப் பிடிப்பார்கள், பிறகு விட்டுவிடுவார்கள். எனக்கு இந்தப் பிடிக்கிற விடுகிற கதையெல்லாம் மனதில் நிற்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் நின்றது. மலை உச்சியில் ஒரு பாலம் இருக்கிறதாம். அந்தப் பலகையை எடுத்துவிட்டால் போதுமாம், அந்தப் பக்கம் நிற்கும் ஒரே ஒரு ஆள் ஒரு படையையே தடுத்து நிறுத்திவிடலாமாம்.

அந்த ஒரே ஒரு ஆளாக நான் இருக்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

திசை தெரியாத ஊர்

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது சொல்லாமலே தெரியும்.

திருவண்ணாமலையில் யாருக்கும் கிழக்கு மேற்கு தேவைப்படாது. எதற்கும் மலைதான் கணக்கு. கட்டிலை எப்படிப் போடுவது? மலையைப் பார்த்துப் போடு. சாவி எங்கே? மலைப்பக்க ஆணியில். என் அப்பா தாலுக்கா ஆபீஸில் சர்வேயர். சங்கிலி பிடித்து, கல் நட்டு, வடக்கு தெற்கு எழுதிச் சம்பளம் வாங்குகிறவர். அவரே வீட்டுக்கு வந்துவிட்டால், "அந்தச் சொம்ப மலைப்பக்கமா நவுத்து" என்றுதான் சொல்வார். ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் தபாலாபீஸுக்கு வழி கேட்டபோது, எங்கள் தெருவே கூடி மலையைக் காட்டிக் காட்டி விளக்கியது. அவர் கும்பிட்டுவிட்டு மலையேறப் போய்விட்டார்.

தீபத்துக்கு வருகிற கூட்டத்தில் வருஷா வருஷம் பிள்ளைகள் தொலையும். அதனால் எங்கள் வீட்டில் நடக்கப் பழகியதுமே ஒரு பாடம் உண்டு. அம்மா சொல்லிக்கொடுப்பாள். கூட்டத்தில் கை விட்டுப் போனால் அழுதுகொண்டு ஒரே இடத்தில் நிற்காதே. யாரோ கூப்பிட்டால் போகாதே. சோத்துக்கைப் பக்கம் மலையை வைத்துக்கொண்டு நட. நடந்துகொண்டே இரு. பெரிய கோபுரம் வந்துவிடும். கோபுரம் வந்தால் வீடு வந்த மாதிரி.

சாப்பிடுகிற கைதான் சோத்துக்கை. வலது இடது தெரியாத பிள்ளைக்கும் அது தெரியும். மலையை வலம்தானே வருவார்கள், இடம் யாரும் வரமாட்டார்களே. அதனால் அப்படி நடக்கிற பிள்ளை ஊரோடு சேர்ந்து ஊர் நடக்கிற திசையிலேயே நடக்கும். பின்னால் ஓடிப்போனால் எப்படியும் பிடித்துவிடலாம். நானே ஒரு தீபத்தன்று இப்படி நடந்து வீடு வந்து சேர்ந்திருக்கிறேன். நல்ல பாடம். அதில் ஒரு குறையும் இல்லை. அந்தப் பாடத்துக்கு அந்த மலை வேண்டும், அந்தக் கோபுரம் வேண்டும், அவ்வளவுதான்.

கையை விட்டேன்

கோட்டைக்குள் போனதும், படியேற என்னால் ஆகாது என்று அம்மா கல்யாண மஹாலுக்குப் பக்கத்து மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். புளிசோறு தூக்கைக் குரங்குகளிடமிருந்து காப்பாற்ற ஒரு ஆள் வேண்டியும் இருந்தது. பாக்கி நாலு பேரும் ஏறினோம்.

பாதி வழியில் மாமாவுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. சரித்திரம் நின்றது. படியோரம் இருந்த ஒரு மண்டபத்துக்குள் அவரைப் படுக்கவைத்து அப்பா காலை நீவிவிட்டார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் முன்னே போகிறேன் என்று நச்சரித்தேன்.

"சரி போ. பாப்பா கைய விடாத. பாலத்துகிட்ட போயி இந்தப் பக்கமே நில்லு, நான் வந்துட்றேன்" என்றார் அப்பா.

இப்போது பாலத்துக்கு வந்துவிட்டோம். பாப்பா நடுங்கிக்கொண்டு பாவாடையைப் பிடித்து இழுக்கிறாள். அப்பா வந்தால் என் கையைப் பிடித்துத்தான் தாண்டவைப்பார். கையைப் பிடித்துக்கொண்டு தாண்டினால் அப்புறம் அது என்ன ஒரே ஒரு ஆள்? எனக்கு அவள் மேல் அப்படி ஒரு எரிச்சல் வந்தது. சனியன், எதற்காக இது என் கூட வந்தது என்று மனதில் நினைத்தேன். நினைத்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

"பாப்பா, நீ இப்படியே கீழ எறங்கி அம்மாகிட்ட போயிடு. நீ போயி ரெடியா இருந்தாதான் சீக்கிரம் போட்டுக்குப் போவாங்க" என்றேன்.

போட்டு என்றதும் அவள் முகம் மாறியது. பாவாடையை விட்டாள். ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கத் தொடங்கினாள். திருப்பத்தில் அவளுடைய மஞ்சள் கவுன் மறையும் வரைகூட நான் நின்று பார்க்கவில்லை. பாலத்தில் காலை வைத்துவிட்டேன்.

தாண்டினேன். அந்தப் பக்கம் நின்று, வராத படையை ரொம்ப நேரம் தடுத்து நிறுத்தினேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

நான் பார்த்தேன்

அப்பாவும் மாமாவும் வந்தார்கள். அப்பாவின் முதல் கேள்வி, "பாப்பா எங்க?"

நான் யோசிக்கவே இல்லை. பொய் தானாக வந்தது. "கால் வலிக்குதுன்னு எறங்கிட்டாப்பா. அம்மாகிட்ட போயிட்டா. இங்கேருந்து பாத்தேன்" என்றேன். அதோடு விட்டேனா? அவரை மதில் ஓரத்துக்குக் கூட்டிப்போய்க் கீழே கைகாட்டினேன். கல்யாண மஹால் ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. அதன் பக்கத்தில் அம்மாவின் சிவப்புப் புடவை ஒரு பொட்டு. "அதோ, பக்கத்துல மஞ்சளா தெரியலை?"

அப்பா கண்ணை இடுக்கிப் பார்த்தார். தெரியுது என்று சொன்னார். நான் சொன்னதால் அவருக்குத் தெரிந்தது.

பாப்பா தங்களைத் தாண்டித்தான் இறங்கியிருக்க வேண்டும், மண்டபத்துக்குள் இருந்ததால் கவனிக்கவில்லை போல என்று மாமா சொன்னார். அது உண்மைதான். பிறகு எல்லோரும் நிம்மதியாக உச்சியைச் சுற்றிப் பார்த்தோம். மாமா பீரங்கியைக் காட்டினார், மணிக்கூண்டைக் காட்டினார். எதிரி எந்தப் பக்கம் வந்தாலும் இங்கிருந்து பார்த்துச் சொல்லிவிடுவார்களாம், கீழே இருக்கிறவர்கள் அதை நம்பித்தான் படுத்துத் தூங்குவார்களாம்.

நான் மறுபடி மதில் ஓரத்துக்குப் போய், அந்தச் சிவப்புப் பொட்டுக்குப் பக்கத்தில் மஞ்சளைத் தேடினேன்.

கீழே இறங்கி வந்தபோது அம்மா தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். எங்கள் பின்னால் பார்த்தாள். மறுபடி எங்களைப் பார்த்தாள்.

"பாப்பா எங்கங்க?"

ஆனைக்குளம்

அதற்கப்புறம் கொஞ்ச நேரம் நடந்ததெல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. மாமா நெற்களஞ்சியத்துக்குள் ஓடிப்போய்க் கத்தினார், உள்ளேயிருந்து அவர் குரலே திரும்ப வந்தது. குதிரைலாயத்தின் ஒவ்வொரு வளைவுக்குள்ளும் அம்மா குனிந்து குனிந்து பார்த்தாள். குரங்குகள் புளிசோற்றைத் தின்றன. யாரும் விரட்டவில்லை.

எல்லோரும் அம்மா உட்கார்ந்திருந்த இடத்தையே சுற்றித் தேடினார்கள். ஏனென்றால் பாப்பா அங்கே வந்து சேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்; குரங்குகளை விரட்டிக்கொண்டிருந்த அம்மாதான் கவனிக்கவில்லை என்று நினைத்தார்கள். "நல்லா பாத்தியா?" என்று அப்பா இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் தலையாட்டினேன். இப்போது மாற்றிச் சொன்னால் கொன்றுவிடுவார்கள் என்று பயம். பாப்பாவுக்கு என்ன ஆயிற்றோ என்ற பயம் தனியாக இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன.

கல்யாண மஹாலை ஒட்டி ஆனைக்குளம். யானைகளைக் குளிப்பாட்ட வெட்டியது. பச்சையாகப் பாசி பிடித்த தண்ணீர், இறங்கப் படிக்கட்டு. பாப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் வரை வந்துவிட்டு அப்புறம் காணாமல் போனாள் என்றால், போக வேறு இடம் எது? அப்பா படியில் நின்று தண்ணீரையே பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி மேல்படியில் வைத்தார். சட்டையைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

என் அப்பாவுக்கு நீச்சல் தெரியாது.

ஒரு படி இறங்கினார். கணுக்கால் நனைந்தது. இன்னொரு படி. அம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, எறங்காத. நான் பாக்கலப்பா" என்றேன். "நான் பாக்கவே இல்ல. நான்தான் அவள தனியா போவச் சொன்னேன். பாலத்துகிட்டேருந்து. போட்டுக்குப் போலாம்னு சொல்லி அனுப்பினேன்."

அம்மா வந்து அறைந்தாள். கன்னம், காது எல்லாம் சேர்ந்து ஒரே அறை. அதுதான் அம்மா என்னை அடித்த முதல் தடவை, கடைசித் தடவையும் அதுதான். அப்பா தண்ணீரை விட்டு ஏறி வந்தார். திட்டவில்லை. அனுப்பி எவ்வளவு நேரம் ஆச்சு என்று மட்டும் கேட்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இடம் வந்தோம்

கண்டுபிடித்தது அம்மாதான். அடித்த கையை அப்படியே நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றவள், மெதுவாகச் சொன்னாள்.

"அடிவாரத்துல வழி பிரியுதே. அங்க வந்து பாத்திருப்பா. என்னைக் காணோம்னதும் தொலஞ்சிட்டோம்னு நெனச்சிருப்பா. தொலஞ்சா என்ன பண்ணணும்னு சொல்லி வச்சிருக்கேன் அவளுக்கு?"

எல்லோரும் மலையைப் பார்த்தோம். எங்கள் மலை இல்லை அது. சுற்றிவர ரோடு கிடையாது, கோயில் கிடையாது, கூட நடக்க ஒரு ஜனம் கிடையாது. பாறையும் முள்ளும்தான். ஒரு பக்கம் இன்னும் இரண்டு குளம் இருப்பதாக மாமா காரில் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. எங்கே சுற்றினாலும் கோபுரம் வராத மலை.

அப்பா ஒரு நொடியில் கணக்குப் போட்டார். அம்மாவும் மாமாவும் பாப்பா போன வழியிலேயே பின்னால் போக வேண்டியது. அவர் எதிர்ச்சுற்றில் போய் அவளை முன்னால் மடக்க வேண்டியது. என் மணிக்கட்டைப் பிடித்து, வா என்றார். இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்றார். ஏன் நின்றார் என்று எனக்குத் தெரிந்தது. பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுகிற மனுஷன், ஒரு மலையை முதல்முறையாக இடம் வரப்போகிறார். மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பீச்சாங்கைப் பக்கம் மலையை வைத்துக்கொண்டு ஓடத் தொடங்கினார்.

எனக்கும் அது புதிது. மலை தப்பான பக்கத்தில் இருந்தது. உலகமே திரும்பிக்கொண்ட மாதிரி இருந்தது. முள் கிழித்தது. பாறை வந்தால் அப்பா என்னைத் தூக்கி மேலே போட்டுவிட்டுத் தாவி ஏறினார். பாப்பா, பாப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே போனார். நான் வேண்டிக்கொண்டதை எழுத வெட்கமாக இருக்கிறது. பாப்பா கிடைத்தால் நான் எந்தப் பாலத்தையும் தாண்டமாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன்.

மலையின் பின்பக்கம் ஓரிடத்தில் காரைமுள் புதர்கள் விலகி கொஞ்சம் வெளி தெரிந்தது. அங்கே மஞ்சளாக ஏதோ அசைந்தது. இந்தத் தடவை உண்மையாகவே பார்த்தேன்.

ஒரு செருப்பு காலில் இல்லை. கவுன் இடுப்போரம் கிழிந்திருந்தது. கன்னத்தில் ஒரு நீளக் கீறல். ஆனால் அழவில்லை. யார் கூப்பிட்டாலும் போகக்கூடாது என்பதால் அப்பாவின் குரலுக்குக்கூட பதில் சொல்லாமல், சோத்துக்கையை மலைப்பக்கம் நீட்டிக்கொண்டு, மறந்துவிடாமல் இருக்க அப்படியே நீட்டிக்கொண்டு, தத்தித் தத்தி நடந்து வந்துகொண்டிருந்தாள்.

அப்பாவைப் பார்த்ததும் நின்றாள். "நான் நடந்துகினே இருக்கேன்பா, கோபுரமே வரல" என்றாள்.

அப்பா அவளை வாரி எடுத்து, கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது. அவர் தோளுக்கு மேலாக அவள் என்னைப் பார்த்தாள். வீங்கியிருந்த என் கன்னத்தைப் பார்த்தாள். ஏழு வயதுப் பிள்ளைக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அக்கா ஒண்ணும் சொல்லலப்பா" என்றாள். "அக்கா இருடீன்னுதான் சொன்னா. நானாத்தான் எறங்கி வந்தேன். அக்காவ அடிக்காத."

அப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். நான் ஏற்கெனவே உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று அவர் அவளிடம் சொல்லவில்லை.

"அப்படியா கண்ணு. சரி, அடிக்கல" என்றார்.

பின்னால் மூச்சிரைக்க வந்து சேர்ந்த அம்மாவிடமும் மாமாவிடமும் அவரே முந்திக்கொண்டு சொன்னார், பாப்பா தானாகத்தான் வந்தாளாம், பெரியவள் மேல் தப்பில்லையாம். அம்மா என் கன்னத்தைப் பார்த்தாள். பிறகு அவளும் சரி என்றாள்.

அன்றைக்குச் சாத்தனூர் போகவில்லை.

ரெண்டு பொய்

சுமதி இப்போது ஆரணியில் இருக்கிறாள். அன்று என்னைக் காப்பாற்றியது தான்தான் என்று நாற்பது வருஷத்துக்கு மேல் நம்பிக்கொண்டிருக்கிறாள். சும்மா நம்பவில்லை, வசூலும் பண்ணியிருக்கிறாள். பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்கு. தீபாவளிக்கு முதலில் துணி எடுப்பது அவள். அம்மா போனபின் அந்தச் சிவப்புப் புடவை யாருக்கு என்று பேச்சு வந்தபோது, "அன்னிக்கு மலைல ஒன்ன காட்டிக் குடுத்தேனாக்கா?" என்றாள். இல்லடி என்று எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

அப்பாவும் அம்மாவும் மாமாவும் கடைசி வரை அவளிடம் வாய் திறக்கவில்லை. ஒருவருக்கொருவர் பேசி வைத்துக்கொண்டதாகவும் தெரியவில்லை. மூன்று பேரும் போய்விட்டார்கள். விஷயம் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அந்த மலையில் அன்று ரெண்டு பொய் சொல்லப்பட்டது. ரெண்டுமே எனக்காக. என்னுடையதை நான் அரை நாள்கூட வைத்துக்கொள்ள முடியாமல் கக்கிவிட்டேன். அவளுடையதை அவள் இத்தனை வருஷம் ஒரு தடவைகூட மாற்றிச் சொல்லவில்லை.

நான் எழுதுகிற இந்தப் பத்திரிகை வெள்ளிக்கிழமை காலையில் ஆரணிக்குப் போய்விடும். படித்ததும் எனக்கு வரும் முதல் போன் எப்போதும் அவளுடையதுதான். அதில் அது தப்பு, இதில் இது தப்பு என்று ஆரம்பிப்பாள். இந்த வெள்ளிக்கிழமை அவள் போன் செய்வாளா என்று எனக்குத் தெரியவில்லை.

சுமதி, நீ சொல்றதுக்கு முன்னாடியே நான் சொல்லிட்டேன்டி. அது தெரியாமத்தான் நீ சொன்ன. புடவை ஒன்கிட்டயே இருக்கட்டும்.